நெய்மீன் டிரோலிங்: லைன் கவுண்டர் ரீல் வாங்கலாமா, குறி போட்ட நூலே போதுமா?

கடியபட்டணம் காற்று:
மழைக்கால அலை அடங்கியதும் நண்பனின் பைபர் வள்ளத்தில் நெய்மீனுக்கு டிரோலிங் (ஓடும் வள்ளத்தின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பது) போகலாம் என்றிருக்கிறோம். விற்க அல்ல, வீட்டுக் குழம்புக்கும் ஆசைக்கும்தான். இரண்டு ராடு. நூல் எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று எண்ணில் காட்டும் லைன் கவுண்டர் ரீல் வாங்க யோசனை. ஒக்குமா மாக்டா புரோ வெளிநாட்டில் நூறு டாலருக்குள் கிடைக்கிறது. ஷிமானோ டெகோட்டா என் கைக்கு எட்டாது. அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்தால் இரண்டு ரீலுக்கு நல்ல பணம் ஆகிவிடும். அதற்குத் தகுமா?

முட்டம் மேடு:
வேண்டாம் மக்கா. அமெரிக்கப் பேரேரிகளில் சால்மன் பிடிக்கிறவர்கள்தான் இந்த ரீலை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அங்கே கோடையில் மேல் தண்ணீர் சூடாகவும் கீழ்த் தண்ணீர் குளிராகவும் அடுக்காக நிற்கும். மீன் தனக்குப் பிடித்த குளிர் இருக்கும் அடுக்கில் கிடக்கும். லூரை (செயற்கை இரையை) அந்த ஆழத்துக்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அதனால் அடிக்கணக்கு பார்க்கிறார்கள். நம் நெய்மீன் பசியோடு இருந்தால் மேலேறி வந்து கடிக்கும். முப்பது மீட்டரா முப்பத்திரண்டு மீட்டரா என்று அது கேட்காது. பத்து மீட்டருக்கு ஒருமுறை நிறம் மாறும் பிரெய்டு நூல் (இழைகளைப் பின்னிய நூல்) வாங்கி, சாதாரண டிரோலிங் ரீலில் சுற்று. மிச்சப் பணத்தை நல்ல டிராக் (மீன் இழுக்கும்போது நூலை இறுக்கிப் பிடித்தபடியே விடும் பிரேக்) உள்ள ரீலில் போடு. மீன் ஓடும்போது உன்னைக் காப்பாற்றுவது டிராக்தான், கவுண்டர் இல்லை.

தேங்காய்ப்பட்டணம் துறை:
மேலே மிதந்து வரும் லூருக்கு அண்ணன் சொல்வது சரி. மூழ்கும் லூர் போட்டால் கதை வேறு. பெட்டியில் முப்பது அடி என்று போட்டிருந்தாலும், போதுமான நூல் வெளியே போனால்தான் அந்த லூர் அவ்வளவு ஆழம் இறங்கும். நூல் குறைந்தால் மேலேயே நிற்கும். நூல் தடித்திருந்தாலும் தண்ணீர் பிடித்து இழுக்கும், ஆழம் குறையும். முப்பது அடி என்றால் ஐந்து பாகம். பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) தலை ஆறு பாகத்தில் இருந்தால் அதற்கு ஒரு பாகம் மேலே லூரை ஓட்டுவதில்தான் வித்தையே இருக்கிறது. கொஞ்சம் கூடினால் லூர் பாருக்குச் சொந்தம்.

இன்னொன்று, நாம் வள்ளம் இறக்குவது விடியலுக்கு முன்னால். அந்த இருட்டில் நீலமா பச்சையா என்று எவனுக்குத் தெரியும்? வெயிலும் உப்பும் பட்டால் சாயமும் வெளுத்துவிடும்.

முட்டம் மேடு:
இருட்டில் கவுண்டர் கண்ணாடி மட்டும் தெரியுமோ? டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். அதே டார்ச்சில் நிறமும் தெரியும்.

ஸ்பூல் கணக்கன்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மலிவான கவுண்டர் நூலை அளப்பதில்லை, ஸ்பூலின் (நூல் சுற்றியிருக்கும் உருளையின்) சுற்றைத்தான் எண்ணுகிறது. நிறைந்த ஸ்பூலின் விட்டம் 5 செ.மீ. என்றால் ஒரு சுற்றில் 15.7 செ.மீ. நூல் போகும். நூலைக் குறைவாகச் சுற்றி விட்டம் 4 செ.மீ. ஆனால் ஒரு சுற்றுக்கு 12.6 செ.மீ.தான். நிறைந்த ஸ்பூலுக்கு அமைத்த கவுண்டர் 100 அடி காட்டும்போது உண்மையில் 80 அடிதான் வெளியே இருக்கும். மீன் பாதி நூலை அறுத்துக்கொண்டு போனாலும் இதே கதி.

பிரெய்டு போடுகிறவர்கள் அடியில் நைலான் தங்கூசியைச் சுற்றி ஸ்பூலை நிரப்பிவிட்டு, மேலே பிரெய்டு சுற்றுங்கள். பிரெய்டு ஸ்பூலில் வழுக்காமலும் இருக்கும், செலவும் குறையும். அப்புறம் நூல் நுனியை ஒரு மரத்தில் கட்டி, கவுண்டர் 100 காட்டும்வரை ரோட்டில் நடந்து, டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசத்தை ரீலிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

முட்டம் மேடு:
பார்த்தாயா, காசு கொடுத்து வாங்கிய கருவி பொய் சொல்கிறது!

தேங்காய்ப்பட்டணம் துறை:
சொல்லட்டுமே அண்ணே, தினமும் ஒரே பொய்யைச் சொன்னால் போதும். நேற்று 140 காட்டியபோது மீன் கடித்தது என்றால் இன்றும் 140-க்கு விடுவேன். அது நிஜத்தில் 125 அடியாக இருந்தால் எனக்கென்ன நட்டம்? இரண்டு ரீல் வைத்திருந்தால் மட்டும் இரண்டிலும் ஒரே நூலை ஒரே அளவு சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஆளுக்கொரு பொய் சொல்லும்.

வள்ளவிளை பழைய கை:
தம்பிமாரே, நாங்கள் தங்கூசியைக் கையில் பிடித்து, இரண்டு கையையும் விரித்து பாகம் பாகமாக எண்ணி விடுவோம். அது துருப்பிடிக்காது.

கடியபட்டணம் காற்று:
அண்ணே, ராடில் மாட்டிய ரீலில் அதை எப்படிச் செய்வது? முதல் பத்துப் பாகத்திலேயே நூல் சிக்கிவிடும். அது போகட்டும், ராடில் மாட்டும் தனிக் கவுண்டரும் விற்கிறார்களே, அது எப்படி?

தேங்காய்ப்பட்டணம் துறை:
நூல் ஒரு சின்னச் சக்கரத்தில் உரசி ஓடும், அது எண்ணும். நைலானுக்குப் பரவாயில்லை. நனைந்த பிரெய்டு வழுக்கிவிடும், எண்ணிக்கை குறையும். பெயர் இல்லாத மலிவு வகை ஒன்று என்னிடம் இருந்தது. உப்பு ஏறிச் சக்கரம் இறுகிவிட்டது.

முட்டம் மேடு:
உப்பு என்று சொன்னாயே, அதுதான் என் முக்கியமான வாதம். கவுண்டருக்குள் இருப்பது சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். உப்பு காய்ந்தால் அங்கே கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நூலைச் சீராகப் பரப்பும் லெவல்விண்டின் திருகுத் தண்டும் அப்படித்தான். மாக்டாவின் சட்டம் கிராஃபைட், அது துருப்பிடிக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே?

காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. நூல் போகும்போதும் லெவல்விண்ட் நகர்கிற ரீலாகப் பார்த்து வாங்கு. (சில காஸ்டிங் ரீல்களில் நகராது, அது உதவாது.) லெவல்விண்ட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் எத்தனை மீட்டர் நூல் போகிறது என்று கரையில் ஒருமுறை அளந்துகொள். கடலில் எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ணினால் போதும்.

ஸ்பூல் கணக்கன்:
அண்ணே, அதுவும் ஸ்பூல் சுற்றைத்தான் எண்ணுகிறது. கவுண்டர் சொல்லும் அதே பொய்தான் அங்கேயும்!

முட்டம் மேடு:
இலவசப் பொய் தம்பி.

கடியபட்டணம் காற்று:
சரி, ஒன்று மட்டும் வாங்குகிறேன். கவுண்டர் ரீல் மூழ்கும் லூருக்கு. அடுத்த ராடில் இருக்கிற பழைய ரீலே இருக்கட்டும், அதில் முப்பது மீட்டரில் வேறொரு சின்ன நூலைச் சுற்றிக் குறி போட்டுக்கொள்கிறேன். வள்ளம் திரும்பும்போது சிக்காமல் இருக்க ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில் என்று விட்டால் ஆயிற்றே?

தேங்காய்ப்பட்டணம் துறை:
ஆமாம். ஆழத்தில் போகிற லூரைக் கிட்டத்தில் விடு, மேலே வருவது தூரத்தில் வரட்டும். மாக்டாவில் 15, 20, 30 என்று அளவுகள் உண்டு, 30 வாங்கு. கரைக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரைப் பூப்போலத் தெளித்துக் கழுவு. பைப்பைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வை.

முட்டம் மேடு:
எனக்கு இன்னும் இது வீண் செலவாகத்தான் படுகிறது. வாங்குவதானால் லூருக்கு முன்னால் கட்டும் கம்பி லீடருக்கும் கொஞ்சம் பணம் எடுத்து வை. நெய்மீன் பல்லுக்கு உன் பிரெய்டு ஒரு நொடி தாங்காது.