ரோஜா இதழ் சேர்த்த அடுப்பில்லா உருண்டைகள் மறுநாளே இளகிவிடுகின்றன: எங்கே தவறுகிறேன்?

கேள்வி

வணக்கம். அடுப்பைப் பற்றவைக்காமல் செய்யும் இனிப்புகளில் தோட்டத்துப் பூக்களைச் சேர்க்கப் பழகி வருகிறேன். 200 கிராம் உலர் தேங்காய்த் துருவல், 150 கிராம் கண்டென்ஸ்டு மில்க், அன்று காலையில் பறித்துக் கழுவி நறுக்கிய சிவப்பு ரோஜா இதழ்கள் இரண்டு கைப்பிடி ஆகியவற்றைப் பிசைந்து உருண்டை பிடித்தேன். பிடித்தபோது கெட்டியாகத்தான் இருந்தன. இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தபோது, தட்டில் இளஞ்சிவப்பு நீர் தேங்கியிருந்தது. உருண்டைகள் தட்டையாக அமர்ந்துவிட்டன. இதழ்த் துணுக்குகள் சாம்பல் படர்ந்த ஊதாவாக மாறியிருந்தன. மென்று முடிக்கும்போது ஒரு கசப்பும் நாக்கில் தங்குகிறது. தேங்காயைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

குறை தேங்காயில் இல்லை, இதழில் இருக்கிறது. புதிய இதழின் எடையில் பெரும்பகுதி நீர்தான். கண்டென்ஸ்டு மில்க்கில் சர்க்கரை மிகுதி என்பதால், நறுக்கிய இதழ் அதில் பட்டதுமே சர்க்கரை அந்த நீரை வெளியே இழுக்கத் தொடங்கிவிடும். பிடிக்கும்போது தெரியாமல் இரவெல்லாம் கசிந்து, காலையில் தட்டில் தேங்கி நிற்கும். இதழ்களைக் கழுவியதும் துணியில் ஒற்றி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் மெல்லிய துணியின் மேல் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் சருகைப் போல நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் இதழின் அடியில், காம்போடு சேரும் இடத்தில் உள்ள வெள்ளைப் பகுதிதான். நகத்தளவுகூட இராது, ஆனாலும் ஒவ்வோர் இதழிலும் அதைக் கத்தரித்துவிடுங்கள். இந்த வேலையில் எனக்குப் பொறுமை வருவதற்கே பல முறை ஆயிற்று.

இரண்டாம் மறுமொழி

நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரோஜாவின் சிவப்பைத் தரும் நிறமி புளிப்பில்தான் சிவப்பாக நிற்கும். பால் சார்ந்த, புளிப்பற்ற கலவையில் அது மங்கி ஊதா பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே இதழைக் கலவைக்குள் பிசையாமல், உலர்ந்த இதழ்த் தூளில் உருண்டைகளைப் பரிமாறும் நேரத்தில் புரட்டி எடுப்பது நல்லது. உள்ளே நிறம் வேண்டுமென்றால் உலர்ந்த சங்குப்பூவின் இதழைப் பொடித்துச் சேருங்கள். பாலில் அதன் நீலம் நீலமாகவே இருக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால்தான் ஊதாவாகும்.

ஒன்று கேட்க வேண்டும்: அந்த ரோஜாச் செடிக்கு அண்மையில் பூச்சிமருந்து அடித்தீர்களா? செடிக்குள் ஊடுருவும் வகை மருந்தாக இருந்தால், இதழை எத்தனை முறை கழுவினாலும் போகாது. மாலைக்கும் அலங்காரத்துக்கும் விற்கும் பூக்களைத் தின்பண்டத்தில் சேர்க்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

கேட்டவர்

மிக்க நன்றி. செடிக்கு மருந்து எதுவும் அடிக்கவில்லை, மட்கிய எரு மட்டுமே இடுகிறேன். இன்னொரு சந்தேகம்: பக்கத்திலேயே மஞ்சள் அரளியும் நித்தியகல்யாணியும் பூத்துக் கிடக்கின்றன. உண்பதற்கு இல்லை, தட்டின் ஓரத்தில் அழகுக்கு மட்டும் வைக்கலாமா?

இரண்டாம் மறுமொழியாளர்

தயவுசெய்து வைக்காதீர்கள். அரளியின் இலை, பூ, விதை, பால் அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு உள்ளது. காய்ந்தாலும் கொதித்தாலும் அது நீங்குவதில்லை. நித்தியகல்யாணியும் உண்ணத் தகாதது. தட்டில் இருப்பதை எல்லாம் தின்னலாம் என்றே குழந்தை நினைக்கும். உண்ணத்தக்க பூ என்று உறுதியாகத் தெரியாத எதுவும் இனிப்புத் தட்டின் அருகில்கூட வரக் கூடாது. செம்பருத்தி வைக்கலாம், நடுவில் நீளும் மகரந்தத் தண்டையும் அடியிலுள்ள பச்சைப் பகுதியையும் நீக்கிவிட்டு இதழை மட்டும் எடுங்கள்.

முதல் மறுமொழியாளர்

உலர்த்தக் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. புதிய இதழையும் அதே எடைச் சர்க்கரையையும் கசக்கி, குல்கந்துக்கு ஊறவைப்பதைப் போல ஒரு கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். வெளியேற வேண்டிய நீர் அங்கேயே பாகாக வெளியேறிவிடும். அதை வடித்துவிட்டு, இதழை மட்டும் உருண்டையின் நடுவில் பூரணமாக வைக்கலாம். அந்தச் சர்க்கரைக்கு ஈடாகக் கண்டென்ஸ்டு மில்க்கைக் குறைக்க மறவாதீர்கள்.

கேட்டவர்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். வெள்ளை அடியைக் கத்தரித்து, மூன்று நாள் உலர்த்திய இதழில், பரிமாறும்போது புரட்டினேன். முந்தைய இரவே பிடித்து வைத்த உருண்டைகள் உருண்டையாகவே இருந்தன, தட்டில் ஒரு சொட்டு நீர் இல்லை, கசப்பும் இல்லை. தூள் மட்டும் சரியாக ஒட்டாமல் உதிர்ந்தது.

முதல் மறுமொழியாளர்

குளிர்ந்த உருண்டையின் மேற்பரப்பு இறுகியிருக்கும், அதனால்தான் உதிர்கிறது. வெளியே எடுத்துச் சிறிது நேரம் வைத்து, உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிய பிறகு தூளில் புரட்டுங்கள், பற்றிக்கொள்ளும்.