மாமியாருக்கு ஓஏபி (முதியோர் உதவித்தொகை) வந்தா என் ஆயிரம் ரூபாய் நின்னுடுமா?

கேள்வி (திண்டிவனம் பக்கம்):
மாமியாருக்கு 66 வயசு. மாமனார் இல்லை. மல்லாட்டை (நிலக்கடலை) ஆயப் போயிட்டிருந்தவங்க. இப்ப முட்டி வலி, குத்தவெச்சு உட்கார முடியல. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்க்கு எழுதிப் போடலாம்னா, பக்கத்து வீட்டு அக்கா "ஒரே ரேஷன் கார்டுல ரெண்டு பணம் வராதுடி, உன் மகளிர் உரிமைத்தொகையை நிறுத்திடுவாங்க"ங்குறாங்க. அந்த ஆயிரத்துலதான் சிலிண்டரே வாங்குறேன்.

பதில் 1:
பயப்படாதம்மா. ஒரே ஆள் ரெண்டையும் வாங்கக்கூடாது, அவ்வளவுதான். 2023 செப்டம்பர் 15-ல உரிமைத்தொகை தொடங்குறதுக்கு முன்னாடி, ஆகஸ்ட்லயே, ஓஏபி வாங்குறவங்க வீட்டுல மத்த பெண்கள் தகுதி இருந்தா விண்ணப்பிக்கலாம்னு அரசு அறிவிச்சிடுச்சு. அந்த அக்கா பழைய விதியைச் சொல்றாங்க.

பதில் 2:
ஓஏபி மத்திய அரசு பணம்தானே? இதுல மாநிலத்துக்கு என்ன?

பதில் 1:
80 வயசு ஆகுற வரைக்கும் மத்திய பங்கு 200 ரூபாய், தம்பி. 2007-லயும் அதே 200தான்! அன்னைக்கு டீ என்ன விலை? மிச்சம் முழுக்க மாநிலம் போடுறது.

பதில் 3:
சிஸ்டர், சிக்கல் வேற இடத்துல. மாமியாரோட மகன் சம்பாதிக்கிறார்னு சொல்லி ஓஏபி மனுவைத் தள்ளுபடி பண்ணிடலாம். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) விசாரணைக்கு வரும்போது மாமியார் வீட்டுல இருக்கட்டும், நிலைமையை அவங்களே சொல்லட்டும். இ-சேவையில பதிஞ்ச ரசீதைப் பத்திரமா வைங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றிண்ணா. அவங்க மகன் சென்ட்ரிங் வேலை. மழைக்காலத்துல அதுவும் கிடையாது. அதையும் சொல்லச் சொல்றேன்.