2 விழுக்காட்டு ஊசிமருந்து: எந்தச் சொல்லைப் போடுவது?

சுங்கை சிப்புட், டியூஷன் ஆசிரியை:
வணக்கம். தாதிமைப் படிப்புக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மருந்துக் கணக்குப் பயிற்சிநூல் தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும். மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்தான லிக்னோகெயின் 2 விழுக்காடு என்றால் 100 மில்லியில் 2 கிராம், அதாவது ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். பிள்ளைகள் 2 மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். பத்து மடங்கு பிசகு! மேலே எடை, கீழே கொள்ளளவு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என்ன போடலாம்?

கிள்ளான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘விழுக்காடு’ என்பதை விட்டுவிடாதீர்கள், அம்மா. சாக்காடு, நோக்காடு, வேக்காடு போல ‘விழு’ என்னும் வினையோடு ‘காடு’ ஈறு சேர்ந்தது. பங்காக வந்து விழுவது விழுக்காடு. ‘சதவீதம்’ என்பதில் வரும் ‘சத’ என்ற வடசொல் நமக்கு எதற்கு? பொருண்மை, கொள்ளளவு இரண்டும் நம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. ‘பொருண்மைக் கொள்ளளவு விழுக்காடு’ என்றே எழுதுங்கள்.

தெலுக் இந்தான், முன்னாள் தோட்ட டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்):
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் ஊசியில் மருந்தை உறிஞ்சி எடுக்கும் நேரத்தில் இவ்வளவு நீளம் வாயில் நிற்காது. இளையவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: விழுக்காட்டைப் பத்தால் பெருக்கு, ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். உப்புநீர் 0.9 விழுக்காடு, மில்லிக்கு 9 மில்லிகிராம், 500 மில்லி பையில் 4.5 கிராம். அப்புறம் அட்ரினலினைப் பாருங்கள். குப்பியில் 1:1000 என்று போட்டிருப்பான், விழுக்காடே கிடையாது. 1000 மில்லியில் ஒரு கிராம், மில்லிக்கு 1 மில்லிகிராம். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ‘எடைச்செறிவு’ போடுங்க, டீச்சர்.

கிள்ளான்:
1 விழுக்காட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு 100 கிராமில் ஒரு கிராம். அது எடைக்கு எடை. அதையும் எடைச்செறிவு என்றுதானே பிள்ளை படிக்கும்? கொள்ளளவு எங்கே போயிற்று? 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். சொல் நீளம் என்று நாம் இன்று பின்வாங்கலாமா?

சுங்கை சிப்புட்:
ஐயா சொல்வது நியாயம்தான். இருந்தாலும் தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் எடைச்செறிவு பக்கமே. அதையே போடுகிறேன். முதல் பக்கத்தில் ‘100 மில்லியில் எத்தனை கிராம்’ என்ற விளக்கம் கட்டம் கட்டி வரும். களிம்புக் கணக்கு இந்த நூலில் இல்லை.

கிள்ளான்:
அச்சாகட்டும், அம்மா. என் மறுப்பு அப்படியே இருக்கிறது. கை துடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹால் கொள்ளளவுக்குக் கொள்ளளவு. அந்தப் பாடம் வரும்போது மறுபடி எழுதுகிறேன்.