விரிசல் கண்ட விண்வெளி நிலையத்தில் 2030 வரை ஆட்களை வைத்திருக்கலாமா?

கார்முகில்:
சர்வதேச விண்வெளி நிலையத்தை 2030 வரை இயக்குவதாக நாசா சொல்கிறது. ஆட்களை அதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. நிலையத்தில் ரஷ்யாவின் பங்கான ஸ்வெஸ்தா பகுதி 2000 ஜூலையில் ஏவப்பட்டது. அதன் பின்முனையில், கலங்கள் வந்து இணையும் இடத்துக்குச் செல்லும் சுரங்கத்தில் காற்று கசிவது 2019இல் தெரிந்தது. 2024 ஏப்ரலில் நாளொன்றுக்கு 1.7 கிலோ வரை போனது. நுண்ணதிர்வுகளால் உலோகம் சோர்ந்துவிட்டது என்கிறார்கள் ரஷ்யர்கள். அழுத்தம், உலோகத்தின் தன்மை என்று பல காரணங்கள் சேர்ந்தது என்கிறது நாசா. நோய் எதுவென்றே உடன்படாதவர்கள் உயிருக்கு எப்படி உத்தரவாதம் தருவார்கள்?

வடமீன்:
காரணத்தில் உடன்பாடு இல்லை என்பது உண்மை. அதற்காகக் கைகட்டி உட்காரவில்லையே! சுரங்கத்தின் கதவைத் தேவையில்லாதபோது மூடியே வைக்கிறார்கள். சரக்கு இறக்கத் திறக்கும்போது, அமெரிக்கப் பகுதிக்கும் ரஷ்யப் பகுதிக்கும் இடையிலான கதவை அடைத்துவிடுகிறார்கள். நிரந்தரமாக மூடினாலும் போவது கலங்கள் வந்து இணையும் முனைகளில் ஒன்றுதான்.

கார்முகில்:
பாதிப் பேரைக் கதவுக்கு அப்பால் நிறுத்தித்தான் வேலை நடக்கிறது என்றால், அதுவே ஆபத்தை ஒப்புக்கொள்வதுதானே? தப்பிக்கும் வழியையும் பாருங்கள். 2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22 என்ற ரஷ்யக் கலம் தன் குளிர்விக்கும் திரவத்தை இழந்தது. அதில் திரும்ப வேண்டிய அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோவின் இருக்கையை ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவர் 371 நாட்கள் கழித்தே பூமியைத் தொட்டார். 2024இல் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் சென்ற போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் ஆளில்லாமல் திரும்பியது.

வடமீன்:
இரண்டு முறையும் எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள். நிலையத்தை ஆளில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட்-7 சாட்சி. 1985இல் யாரும் இல்லாத நேரத்தில் அது மின்சாரம் இழந்து உறைந்தது. ஜானிபெகோவ், சவினிக் என்ற இரு விண்வெளி வீரர்கள் நேரில் போய்த்தான் உயிர்ப்பித்தார்கள். சர்வதேச நிலையத்தின் எடையோ ஏறத்தாழ 420 டன். கட்டுப்பாடில்லாமல் விழுந்தால் என்ன ஆகும்? 1979இல் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேபின் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தன. அதன் எடை இதில் கால் பங்குகூட இல்லை. நிலையத்தைக் கடலில் இறக்கும் வாகனத்துக்கு 2024 ஜூனில்தான் ஸ்பேஸ்எக்ஸுடன் ஒப்பந்தம் போட்டார்கள். அது போய்ச் சேருமுன் பழுது பார்க்க ஆள் வேண்டாமா?

நெய்தல்:
காலி செய்வது ஒன்றுதான் வழியா? 2003இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தின் விபத்துக்குப் பிறகு மூவர் இருந்த இடத்தில் இருவர் மட்டும் தங்கி நிலையத்தைக் காத்தார்களே.

வடமீன்:
காத்தார்கள், ஆனால் பராமரிப்பே அவர்கள் நேரத்தை விழுங்கிவிட்டது. ஆய்வுக்கு நேரமே இல்லையென்றால் எதற்காக அங்கே இருக்க வேண்டும்?

கார்முகில்:
இறக்கும் வாகனம் வரும்வரை காவல் இருக்கத்தான். சல்யூட்-7 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். முழுக்கக் காலி செய்ய முடியாது. ஆனால் ஏழு பேர் எதற்கு? ஒரு கலம் பழுதானாலும் எல்லோருக்கும் மற்றொன்றில் முறையான இருக்கை இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட அனுப்பக் கூடாது.

வடமீன்:
அப்படியானால் உதிரிக் கலம் ஒன்றைக் கூடுதலாக நிறுத்தக் கேளுங்கள். உங்களோடு நானும் கேட்கிறேன். ஆட்களைக் குறைக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன்.