செத்தவன் எழுந்து போனான்: வில்லன் வேஷம் பார்த்துப் பயந்த அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எனக்கு அப்போது 6 வயது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கோவிலில் ராத்திரி துரியோதன வதம் கதகளி. அம்மா மடியில் தூங்கிப்போயிருந்தேன். செண்டைச் சத்தத்தில் விழித்துப் பார்த்தால், இரண்டு பேர் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதன் மேல்விளிம்பில் விரல்கள். விரல் நுனியில் நீளநீளமாக வெள்ளி நகம். திரை கொஞ்சம் இறங்கியது. ரத்தச் சிவப்பில் இரண்டு கண். அப்புறம் அந்த அலறல்! துச்சாதனன், சிவப்புத் தாடி வைத்த வில்லன் வேஷம். முகத்தில் பச்சை பூசிய நல்லவர்கள், அந்தப் பச்சை வேஷக்காரர்கள், வாயே திறக்காத மேடையில் இவன் அலறினான்.

விடியப் போகும் நேரத்தில் பீமன் அவன் குடலை உருவினான். ஆனால் இத்தனை வருஷமாக என்னை விடாதது அதுவல்ல. செத்தவன் எழுந்தான், பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் நடந்து போனான். “எங்கேம்மா போறான்?” என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அந்த முகமூடி இன்னும் கனவில் வருகிறது.

குப்பத்திலிருந்து:

நானும் சித்தூர்தான், ஆனால் ஆந்திரச் சித்தூர் மாவட்டம். அலறுகிறவன்தான் பயங்கரம் என்று மேலே எழுதியவர் நினைக்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் துரியோதனனை வந்து பாருங்கள். பாரதக் கூத்துத் திருவிழாவின் கடைசி நாள் படுகளம், துரியோதனன் சாகும் போர்க்களக் காட்சி. தர்மராஜா கோவில் எதிரே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஓர் ஆளைப்போல் பல மடங்கு நீளம். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கூத்துக்காரர் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடுவார், பீமன் துரத்துவான். வெயிலில் அரிதாரம் வழிந்து கழுத்துக்கு இறங்கியிருக்கும்.

தொடையில் அடி விழுந்தது. சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. திரௌபதி கூந்தலை முடிந்தாள். ராத்திரியெல்லாம் “பாவி, நாசமாப் போவான்” என்று திட்டிக்கொண்டிருந்த என் ஆயா, அந்த மண் தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். கண்ணீர் நிஜம். யாருக்காக அழுதாள் என்று அவள் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

வாளையாரிலிருந்து:

முதலில் ஒன்று. கதகளியில் அது முகமூடி இல்லை, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். கலைஞர் மல்லாந்து படுத்திருக்க, சுட்டிக்காரர் மணிக்கணக்கில் உட்கார்ந்து முகத்தின் ஓரத்தில் சுட்டி கட்டுவார். முன்பு அரிசிமாவும் சுண்ணாம்பும், இப்போது காகிதமும் வெட்டி ஒட்டுகிறார்கள். கண் சிவப்பது சுண்டப்பூ விதையால். இமைக்குள் வைத்துக் கண்ணை உருட்டுவார்கள். என் மகளும் பயந்தாள், அதனால்தான் சொல்கிறேன். குழந்தைகளைச் சாயங்காலமே வேஷம் போடும் அணியறைக்குக் கூட்டிப்போங்கள். வெறும் முகத்திலிருந்து பார்க்கட்டும். விளக்குக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், நடுவில் உட்காருங்கள். மத்தியானமே தூங்க வைத்துவிடுங்கள், திரைக்கு மேலே முகம் காட்டும் திரைநோக்கை அரைத்தூக்கத்தில் பார்த்தால்தான் பயம் ஒட்டிக்கொள்ளும். கதையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சுட்டி என்று திருத்தியது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பயம் போக வேண்டும் என்று நான் எழுதவில்லைங்க. அதற்கப்புறம் எத்தனையோ கதகளி பார்த்துவிட்டேன், அணியறையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த விரல்கள் திரைமேல் வந்த மாதிரி மறுபடி வரவில்லை. குப்பத்துக்காரரே, அடுத்த படுகளம் எப்போது என்று சொல்லுங்கள். வருகிறேன்.