'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' பலகை உங்கள் தெருவிலும் தொங்குகிறதா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழையவாசகன்

எங்கள் நூலகத்தின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'பராமரிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.' எழுதி 11 வருடம் ஆகிறது. அப்போது நல்ல சிவப்பு எழுத்து. வெயிலில் வெளுத்து, 'தற்' உதிர்ந்து, 'கமாக' மங்கி, இப்போது எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் 'காலி' என்பது மட்டும்தான் பளிச்சென்று தெரிகிறது.

மூடுவதற்கு முந்தைய வருடம் வாசிப்பறையின் மூலையில் ஓதம் அடித்தது. உள்ளங்கை அளவு ஈரம், அவ்வளவுதான். நான் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே என்பதால் கண்ணில் பட்டது. நூலகரிடம் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். சும்மா சொல்லவில்லை, கடித நகலையே எடுத்துக் காட்டினார். ஆறு கடிதம்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு செடி. விரல் உயரம்கூட இல்லை. பறவை எச்சத்தில் வந்த விதையாக இருக்கும். அதன் காலடியில் சருகு சேர்ந்து, குழாய் அடைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஏணியும் அரை மணி நேரமும் இருந்தால் தீர்கிற வேலை. ஆனால் அந்த அரை மணி நேரம் யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. கட்டடம் ஒரு துறைக்குச் சொந்தம், நூலகத்தை நடத்துவது இன்னொரு துறை, பழுது பார்ப்பது மூன்றாவது துறை. மூன்று பேரும் மற்ற இருவரையும் கைகாட்டினார்கள்.

போன வாரம் அறிவிப்பு வந்துவிட்டது. கட்டடம் 'பாழடைந்த நிலையில் இருப்பதால்' அகற்றப்பட்டு, அந்த இடத்தில் வணிக வளாகமும் அடுக்குமாடி வாகன நிறுத்தமும் வருமாம். அந்த 'இருப்பதால்' என்னைத் தூங்கவிடவில்லை. பாழடைந்தது சரி, பாழாக விட்டது யார்? அதற்கு அறிவிப்பில் ஒரு வரி இல்லை.

உங்கள் ஊரில் என்ன நடந்தது? சொல்லுங்கள். புலம்பலாக இருந்தாலும் பரவாயில்லை.

அளவுநாடா

நான் ஓய்வுபெற்ற பொறியாளர். இந்த இழையில் என்னைத் திட்டுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஏனென்றால் இப்படி ஒரு சான்றிதழில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரு பழைய சந்தைக் கட்டடம். 'உறுதித்தன்மையை ஆய்ந்து, இடிக்கத் தக்கதா என அறிக்கை தரவும்' என்று கடிதம் வந்தது. கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது, பாருங்கள். 'பழுது பார்க்கத் தக்கதா' என்று கேட்டிருந்தால் நான் வேறு கருவிகளோடு போயிருப்பேன். போனேன், சுற்றிப் பார்த்தேன், நாற்பது நிமிடம். காரை பெயர்ந்திருந்தது, இரண்டு உத்தரத்தில் கறையான், ஒரு வளைவில் விரிசல். எந்தச் சுவரையும் துளைத்துப் பார்க்கவில்லை, அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் எழுத உட்கார்ந்தேன். 'உறுதியாக இருக்கிறது' என்று எழுதி, நாளைக்கே ஒரு கல் விழுந்து யாருக்காவது அடிபட்டால் என் வேலை போகும், வழக்கும் வரும். 'ஆபத்தானது' என்று எழுதினால் யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. நல்ல கட்டடத்தை இடிக்கச் சொன்னதற்காக எந்தப் பொறியாளரும் தண்டனை வாங்கியதாக என் பணிக்காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே 'ஆபத்தானது'.

இடித்த நாளில் போய் நின்றேன். போகாமல் இருந்திருக்கலாம். இரண்டே நாளில் முடித்துவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். ஒன்பது நாள் ஆனது. இரண்டடிக்கு மேல் கனமான சுவர், செங்கல்லும் சுண்ணாம்பும் ஒரே பாறையாக இறுகியிருந்தன. இயந்திரத்தின் வாளிப் பல் ஒன்று உடைந்து விழுந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து என்னைப் பார்த்து, "இதையா சார் விழப்போகுதுன்னு எழுதினாங்க?" என்றார். எழுதியவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பழையவாசகன், ஒரே ஒரு விஷயம். அந்தச் செடி இன்னும் இருந்தால் யாரும் பிடுங்க வேண்டாம். 11 வருடத்தில் வேர் சுவருக்குள் நன்றாக ஓடியிருக்கும். இழுத்தால் கல்லோடு வரும். அடியோடு அறுத்துவிட்டு, துளிர்க்காமல் வெட்டுவாயில் மருந்து தடவச் சொல்லுங்கள். வேர் செத்து மட்கிய பிறகுதான் இடுக்கை அடைக்க வேண்டும். அதுவும் சுண்ணாம்புச் சாந்தால்.

இடுக்குச்சந்து

இடித்த கல்லெல்லாம் எங்கே போகிறது என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? எங்கள் பகுதியில் பழைய நீதிமன்றத்தை இடித்த பிறகு, செதுக்கு வேலை செய்த தூண் பீடம் ஒன்றை இருசக்கர வாகனம் கழுவும் இடத்தில் பார்த்தேன். சைடு ஸ்டாண்டு மண்ணில் புதையாமல் இருக்க அடியில் போட்டிருந்தார்கள்.

லண்டனிலும் இதே கதைதான். யூஸ்டன் ரயில் நிலையத்தின் முன்னால் இருந்த பெரிய கல் வாயிலை 1961, 62 வாக்கில் இடித்தார்கள். அதன் கற்களில் பெரும்பகுதியை ஓர் ஆற்றுக் கால்வாயின் அடியில் இருந்த பள்ளத்தை நிரப்பக் கொட்டியிருக்கிறார்கள். அது தெரியவந்ததே 1994-இல்தான்.

ஆறில்ஒருத்தி

எல்லோரும் அரசுக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஒரு பாரம்பரிய வீட்டின் ஆறு வாரிசுகளில் ஒருத்தி. இரண்டு பேர் வெளிநாட்டில், ஒருவர் பேசுவதே இல்லை. கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வாரம் தவறாமல் யாராவது வீட்டு வாசலில் நின்று படம் எடுப்பார்கள். 'எவ்வளவு அழகு, இடித்துவிடாதீர்கள்' என்பார்கள். சிலர் உள்ளே வரலாமா என்று கேட்பார்கள். உள்ளே வந்தால் அழகைப் பார்ப்பார்கள். தரையில் நான் வைத்திருக்கும் மூன்று வாளியைப் பார்க்க மாட்டார்கள். எந்த ஓடு எங்கே ஒழுகும் என்று எனக்கு மனப்பாடம். இரவில் மழைச் சத்தம் கேட்டால் தூக்கத்திலேயே எழுந்து வாளியை நகர்த்துவேன்.

ஒரு ஜன்னல் கதவு மக்கிப் போனது. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடு என்பதால் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினேன், 14 மாதம் ஆனது. அதே மரம், அதே இழைப்பு, அதே கீல் என்றார்கள். சரிதான், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செலவில் புதிதாக நான்கு ஜன்னல் வைத்திருக்கலாம். உதவித்தொகை உண்டா என்று கேட்டேன். சிரித்தார்கள். எங்கள் வீட்டைப் பட்டியலில் சேர்த்த நாளில் பூச்செண்டோடு வந்தவர்கள், கூரை இறங்கிய நாளில் தொலைபேசியை எடுக்கவில்லை.

போன வருடம் ஒரு கட்டுமான நிறுவனத்தார் வந்தார்கள். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா, சும்மா விட்டுடுங்க. ரெண்டு மழையில தானா முடிஞ்சிடும்" என்றார்கள். அதற்கு அனுமதியே தேவையில்லை, பாருங்கள். ஓடு ஒன்றை மாற்றுவதற்குத்தான் அனுமதி வேண்டும். ஒழுக விடுவதற்கு வேண்டாம்.

வரைபடமேசை

அக்கா, நீங்கள் சொன்னதில் பாதியை நான் மேசையின் மறுபக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நகரமைப்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் வரைபடம் போட்டவன்.

உங்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். கூச்சல் எழுந்தது, 1965-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் ஐம்பது மாடிக்கு மேல் கோபுரம் எழுப்பக் கேட்டபோது நகரம் மறுத்தது. உரிமையாளர்கள் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் தோற்றார்கள். எல்லோரும் அந்த வெற்றியைத்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த இடத்தில் கட்ட முடியாமல் போன பரப்பை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள அங்கே வழி இருந்தது. அதாவது, மேலே கட்டாதே என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்பவில்லை. வளர்ச்சி உரிமை மாற்றம் என்பது இதுதான். பல ஊர்ச் சட்டப் புத்தகங்களில் இது எழுத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் மாதிரி ஆறு வாரிசு இருக்கும் வீட்டுக்காரருக்கு அதை யார் விளக்கி, யார் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள்?

இனி என் பாவக் கணக்கு. ஒரு பழைய பண்டகசாலை. அதில் ஒரு மாற்றத் திட்டம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மாதிரியுரு தயாரித்தது நான். வந்தவர்களிடம் கொடுத்த கேள்வித்தாளில் ஐந்து கேள்வி: நடைபாதைக்கு எந்தக் கல் பிடிக்கும், மரங்கள் எங்கே வேண்டும், இந்த மாதிரி. இடிக்கலாமா என்ற கேள்வி அதில் இல்லை. ஒரு பெரியவர் ஐந்தையும் அடித்துவிட்டு, தாளின் பின்பக்கத்தில் அந்தக் கட்டடத்தில் 30 வருடம் மூட்டை எண்ணியதைப் பற்றி நெருக்கி நெருக்கி எழுதிக் கொடுத்தார். தொகுக்கும்போது அந்தத் தாளை 'செல்லாதவை' அடுக்கில் வைத்தேன். கட்டம் நிரப்பப்படவில்லையே.

கடைசியில் 'பாரம்பரியத்தைக் காத்தோம்' என்று சொல்லிக்கொள்ள முகப்புச் சுவரை மட்டும் விட்டார்கள். பின்னால் இரும்புச் சட்டம் முட்டுக்கொடுத்து, ஜன்னல் வழியாக வானம் தெரிய, அசல் சினிமா செட். அந்தக் காலத்தில் அது நல்ல சமரசம் என்று மனதார நம்பினேன். இப்போது அந்தப் பக்கம் போனால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.

கொத்தனார்மகள்

அளவுநாடா ஐயா 'அதுவும் சுண்ணாம்புச் சாந்தால்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அதில்தான் எல்லாமே இருக்கிறது என்று அப்பா சொல்வார்.

பழைய சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். சுண்ணாம்பு அதற்கு இடம் கொடுக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு செங்கல்லின் முகத்துக்கு வந்து பூக்கும், அப்புறம் கல் பொரிந்து பொரிந்து உதிரும். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய பள்ளியைத் 'புனரமைத்தார்கள்'. மொத்தமும் சிமெண்ட், அதன் மேல் பளபளப்பான பெயிண்ட், திறப்பு விழா. மூன்றாவது வருடம் அப்பாவைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டொக் டொக் என்று ஒரே பொள்ளல் சத்தம். ஓர் இடத்தில் நகத்தை விட்டு நெம்பியதும் பூச்சு தட்டு மாதிரி கையோடு வந்தது. பின்னால் செங்கல் மாவு. அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கை கழுவப் போய்விட்டார்.

புறக்கணித்த கட்டடத்தையாவது காப்பாற்றிவிடலாம். இப்படி 'கவனித்த' கட்டடத்தை என்ன செய்வது?

மறுகரை

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் எதிர்ப்பக்கமும் கொஞ்சம். ஊர் மக்கள் எப்போதும் பழையதன் பக்கம்தான் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்குக் காட்சிக்கு உலகப் பாரம்பரியத் தகுதி இருந்தது. அதன் நடுவே பாலம் வேண்டுமா என்று 2005-இல் வாக்கெடுப்பு; வேண்டும் என்றே பெரும்பான்மை சொன்னது. பாலம் கட்டத் தொடங்கினார்கள், 2009-இல் யுனெஸ்கோ பட்டியலிலிருந்து நீக்கியது.

நானும் ஒரு குறுகலான பழைய பாலத்துக்கு அந்தப் பக்கம் வாழ்கிறவன். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகி ஓர் இரவு முழுக்கத் தவித்தது என் வீட்டில் நடந்தது. அடுத்த வாரம் பாலத்தைக் காக்கக் கையெழுத்துக் கேட்டு வந்த இளைஞர்களிடம் நான் போடவில்லை. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் வீடு எங்கள் கரையில் இல்லை.

வரைபடமேசை

@மறுகரை, நியாயம். நேராக உங்களிடம் கேட்டு, எண்ணிப் பார்த்து முடிவெடுத்தால் எனக்குச் சண்டையே இல்லை. பழையவாசகனின் நூலகத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை, குழாயைத்தான் அடைக்க விட்டார்கள்.

குழாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்னும் பிரிட்டனில் இயங்குகிறது. பெரிய புனரமைப்பைவிட அன்றாடப் பராமரிப்பே மேல் என்பதுதான் அவர்களுடைய ஆதிக் கொள்கை. பராமரிப்பு வாரம் ஒன்று நடத்தி, அதில் கூரைத் தண்ணீர்க் கால்வாயைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலில் படித்தபோது சிரித்தேன்.

பழையவாசகன்

இத்தனை பதிலை எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டோம். 'பழுது பார்க்கத் தக்கதா' என்று ஆய்ந்து சொல்லும்படி கேட்டிருக்கிறோம், அளவுநாடா ஐயா சொன்ன அதே வார்த்தையில். இன்னும் பதில் இல்லை.

இன்னொரு விஷயம். நேற்று காவலாளியிடம் பேசினேன். அவரும் சின்ன வயதில் அங்கே படித்தவராம். 'நான் பார்க்கலைன்னு வெச்சுக்கங்க' என்று சொல்லிவிட்டு, ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். செடி இப்போது என் கை அளவு தடிமன். பிடுங்கவில்லை ஐயா, அறுத்தேன், மருந்தும் தடவியாயிற்று. குழாய்க்குள் கை விட்டால் இரண்டு வாளிச் சருகு, ஒரு டென்னிஸ் பந்து, பாதி மக்கிய நூலக உறுப்பினர் அட்டை ஒன்று. பெயர் அழிந்துவிட்டது, எண் மட்டும் தெரிகிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு ஏதோ விழுங்குவது மாதிரி ஒரு சத்தத்தோடு கீழே தரையில் வந்து கொட்டியது. காவலாளி இன்னொரு குடம் கொண்டுவரப் போனார்.

ஜன்னல் வழியாக அந்த ஓதத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது ஓர் ஆள் உயரம் இருக்கிறது. அடுத்த மழைக்குப் பிறகு எடுத்து, இரண்டையும் இங்கே போடுகிறேன்.