கருத்துக் கேட்பை இணையத்துக்கு மாற்றும்போது யாரும் விடுபடாமல் இருக்க என்ன செய்யலாம்?

தெருவிளக்கு:
உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் நேரடிக் கூட்டங்களுக்கு ஆள் வருவது குறைகிறது. வேலை நேரம் ஒத்துவருவதில்லை, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இணையப் படிவம் வைத்தால் எண்ணிக்கை கூடுகிறது. கூடவே சண்டையும், ஒருவரே பத்து முறை எழுதுவதும். ஒரு சாலைத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்பதை எப்படி வடிவமைப்பது? கைப்பேசி இல்லாதவர்களை எப்படிச் சேர்ப்பது?

கணக்கன்:
சண்டையை வளர்ப்பது ‘பதில் எழுது’ பொத்தான். போல்.இஸ் என்ற திறமூல மென்பொருளில் அது கிடையாது. ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதரவு, எதிர்ப்பு, தவிர்ப்பு மட்டும்தான். யார் யார் ஒரே மாதிரி வாக்களித்தார்கள் என்று பார்த்து அது குழுக்களாகப் பிரிக்கும். எல்லாக் குழுக்களும் ஏற்கும் கூற்றுகள் தனியே தெரியும். 2015-ல் தைவானில் ஊபர் வாடகைக் கார் பிரச்சினையை வி-தைவான் என்ற இணையக் கலந்தாய்வு அமைப்பு இப்படித்தான் விவாதத்துக்கு வைத்தது.

வெறும் பக்கத்தோடு தொடங்காதீர்கள். முதலில் வருபவர்களின் சாய்வே நிலைத்துவிடும். எல்லாத் தரப்பிலிருந்தும் 10 முதல் 15 கூற்றுகளை முன்பே போடுங்கள். ஒரு கூற்றில் ஒரே விஷயம். ‘சாலையை அகலப்படுத்தி, மரங்களையும் காக்க வேண்டும்’ என்று எழுதினால், பாதியை மட்டும் ஏற்பவர் தவிர்ப்பை அழுத்திவிட்டுப் போவார். முடிவதற்குச் சில நாள் முன்பே புதிய கூற்றுகளை நிறுத்திவிடுங்கள். தாமதமாக வருபவற்றுக்கு வாக்கே போதாது.

நடுப்பக்கம்:
கணக்கன் சொல்வது சரி, ஆனாலும் தானாக வருபவர்கள் ஊரின் மாதிரி ஆகமாட்டார்கள். அதற்குக் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அயர்லாந்தில் 2016-ல் தொடங்கிய, சாதாரண மக்கள் கூடிப் பேசிப் பரிந்துரை செய்யும் குடிமக்கள் பேரவைக்கு 99 பேரை வயது, பாலினம், வட்டாரம் எல்லாம் மக்கள்தொகையை ஒத்திருக்கும்படி தேர்ந்தெடுத்தார்கள். அழைப்பை ஏற்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். அதனால் தேவையைப் போலப் பல மடங்கு பேரை அழைத்து, சம்மதித்தவர்களிலிருந்து இரண்டாவது குலுக்கல் நடத்த வேண்டும். பயணச் செலவும் குழந்தை பராமரிப்பும் தராவிட்டால் வசதியானவர்களே மிஞ்சுவார்கள்.

கைப்பேசி இல்லாதவர்களுக்கு அதே கேள்விகளைத் தாளில் அச்சிட்டு நூலகத்திலும் மருத்துவமனையிலும் வையுங்கள். ஊழியர் பதிவேற்றும்போது ‘தாள்’ என்று குறியிட வேண்டும். தாள் முடிவும் இணைய முடிவும் வெகுவாக விலகினால் கூட்டிக் கலக்காமல் இரண்டையும் தனித்தனியே வெளியிடுங்கள். அந்த விலகலே முக்கியமான தகவல்.

இன்னொன்று: ஒருவரே பலமுறை எழுதுவதைத் தடுக்கக் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை (OTP) மட்டும் நம்பினால், ஒரே கைப்பேசியைப் பகிரும் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் குரல். பெரும்பாலும் விடுபடுவது பெண்களும் முதியவர்களும்.

வாய்க்கால்:
மேலே சொன்ன அனைத்தும் முறையாக நடந்தும் வீணாகலாம். ஐஸ்லாந்தில் மக்கள் கருத்தையும் இணையத்தில் கேட்டு எழுதிய அரசமைப்பு வரைவை 2012 பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மனுக்களுக்கு வரம்பு முன்பே தெரியும்: 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில், 1,00,000 ஆனால் விவாதத்துக்குப் பரிசீலனை. நீங்களும் அதுபோல முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: எது இன்னும் முடிவாகவில்லை, யார் பதிலளிப்பார், எந்தத் தேதிக்குள். ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு கேட்டால் மாற்ற எதுவும் மிச்சமிருக்காது.

கைப்பேசியைப் பகிரும் வீடுகளுக்கு ஒரு சிறு ஏற்பாடும் உதவும். எஸ்டோனியாவின் இணைய வாக்களிப்பில் வாக்கை மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதே செல்லும். பக்கத்தில் நின்று அழுத்தம் கொடுப்பவரிடமிருந்து அது காக்கிறது. உங்கள் படிவத்திலும் முடியும் நாள்வரை பதிலை மாற்ற விடுங்கள்.